ஹோல்டான் என்கிற பேரோ மார்த்தினெஸ்

ஸ்பெயினுக்கு ஒரு நாள்கூடப் போகாமல் ஸ்பெயின்காரராக மாறிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் செஞ்சி–திண்டிவனம் ரூட்டில் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கிறார்.

பெற்றவர்கள் அவருக்கு என்ன பெயர் வைத்தார்களோ, எனக்குத் தெரியாது. ஊருக்கு அவர் ஹோல்டான். பஸ்ஸை நிறுத்த எல்லாக் கண்டக்டர்களும் கத்துகிற சொல்தான் அது. மற்றவர்கள் கத்தினால் அவரவர் பஸ் நிற்கும். இவர் கத்தினால் எதிரே வருகிற பஸ்ஸும் நிற்கும். செஞ்சிக் கோட்டையின் கிருஷ்ணகிரி மலையில் இவர் குரல் கொடுத்தால் ராஜகிரியில் மேய்கிற ஆடு தலையைத் தூக்கிப் பார்க்கும் என்பார்கள். ஆளோ அப்படி ஒரு ஒல்லி. தோளில் பை இல்லாத நாளில் காற்றடித்தால் கம்பியைப் பிடித்துக்கொள்வார்.

நான் திண்டிவனத்தில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறேன். வீடு செஞ்சி. தினமும் காலையில் அவர் பஸ்ஸில்தான் போவேன். அதுவரை எங்களுக்குள் இருந்த உறவு, நான் சில்லறை கொடுப்பேன், அவர் சந்தோஷப்படுவார், அவ்வளவுதான். ஒரு நாள் அவர் டிக்கெட்டுக்குப் பதிலாகத் தன் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

“மேடம், இதுல இங்கிலீஸ்ல இன்னாமோ எழுதிக்கிறான். படிச்சு சொல்லுங்க.”

படித்தேன். பழங்கால ஐரோப்பிய மனிதர்களாக வேஷம் கட்டி, அந்தக் காலத்து மனிதர்களாகவே ஒரு நாள் முழுக்க வாழ்ந்து காட்டும் ஒரு குழு. சென்னை, பெங்களூரு, புதுச்சேரி என்று பல ஊர்க்காரர்கள். அந்த வருஷம் செஞ்சிக் கோட்டையைப் பார்த்தாற்போல இருக்கும் ஒரு மாந்தோப்பில் கூடப் போகிறார்கள். உள்ளூர்க்காரர்களும் சேரலாம். ஆனால் வெறும் வேஷம் போதாது. பெயர், ஊர், தொழில், குடும்பம், சாப்பாடு எல்லாவற்றோடும் ஒரு முழு மனிதனை உருவாக்கிக்கொண்டு வர வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த மனிதனாகவே இருக்க வேண்டும். நடுவில் ஒரு வார்த்தை இந்தக் காலத்துப் பேச்சு பேசினாலும் அவுட்.

மறுநாள், “நான் பேர் குடுத்துட்டேன் மேடம்” என்றார்.

“எந்த நாடு?”

“ஸ்பெயின்.”

“ஏன் ஸ்பெயின்?”

“மத்ததெல்லாம் ஃபுல்லு. அது ஒண்ணுலதான் சீட்டு காலியா இருந்துச்சு.”

அன்று முதல் எனக்கு ஜன்னலோர முன் சீட்டு நிரந்தரமானது. பதிலுக்கு, எழுநூறு வருஷத்துக்கு முந்தைய ஸ்பெயினைப் பற்றி ஆங்கிலத்தில் கிடைப்பதையெல்லாம் படித்து நான் தமிழில் சொல்ல வேண்டும். செஞ்சியில் ஆரம்பித்தால் திண்டிவனம் வருவதற்குள் ஒரு ராஜா செத்து அடுத்த ராஜா வந்துவிடுவார். பின் சீட்டில் இருப்பவர்களும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். ஒரு பூக்கார அம்மா, ராணியின் கல்யாணம் முடியவில்லை என்பதற்காக இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தவறவிட்டார்.

முதலில் அவர் உருவாக்கிய மனிதர் பெரிய வீரர். பத்துக் கோட்டைகளுக்குச் சொந்தக்காரர். குதிரை, வாள், மார்புக் கவசம், எல்லாம் உண்டு. குழுவின் தலைவி புதுச்சேரியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற சரித்திரப் பேராசிரியை. நரைத்த கிராப்பு, கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பார்வை. சேர விரும்புகிறவர்களை அவர்தான் வீடியோ காலில் விசாரிப்பார். இவருடைய விசாரணை திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில், வாழைப்பழ வண்டிக்குப் பக்கத்தில் நடந்தது. துணைக்கு நானும் நின்றேன்.

“உங்க நிலத்துல என்ன விளையுது?” என்று அந்த அம்மா தமிழிலேயே கேட்டார்.

ஹோல்டான் யோசிக்கவே இல்லை. “மல்லாட்டைம்மா. நல்ல விளைச்சல்.”

மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் நிலக்கடலை. ஹோல்டானின் மாமனார் பக்கத்து ஊரான வல்லத்தில் அதைத்தான் பயிர் செய்கிறார்.

“நிலக்கடலை அமெரிக்காவுலேருந்து வந்தது. நீங்க சொல்ற காலத்துல அங்க யாரும் அதைக் கண்ணால கூடப் பார்த்ததில்லை. சரி, உங்க குதிரைக்கு யார் தீனி வைக்கிறாங்க?”

“அது... அதுவே மேயும்மா.”

“போர்க் குதிரை, அதுவே மேயுமா? ஐயா, நீங்க மனுஷனை உருவாக்கலை. நாலு படத்தைப் பார்த்துட்டு வந்திருக்கீங்க. உங்களுக்குத் தெரிஞ்ச வேலையை அந்த ஊர்ல யார் செஞ்சாங்கன்னு பாருங்க. அப்புறம் வாங்க.”

போன் அணைந்தது. செஞ்சிக்குத் திரும்பும் நடை முழுக்க அவர் ஒரு சத்தமும் போடவில்லை. பஸ் பாட்டுக்கு நின்றது, கிளம்பியது. டிரைவர் முருகேசன் பயந்துபோய் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். இறங்க வேண்டியவர்கள் தாங்களாகவே எழுந்து நின்று, தாங்களாகவே இறங்கினார்கள்.

விஷயம் செஞ்சி முழுக்கப் பரவ அரை நாள் ஆனது. “இன்னா அண்ணே, குதிரைக்குப் புல்லு வாங்கியாச்சா?” என்று காந்தி பஜாரில் கேட்காதவர் இல்லை. ஒரு வாரம் தாங்கினார். எட்டாம் நாள் நான்தான் மனம் கேட்காமல் மறுபடி தேடிப் படித்தேன். அந்தக் காலத்து ஸ்பெயினில் கோவேறு கழுதை ஓட்டிகள் என்று ஒரு கூட்டம் இருந்திருக்கிறது. கழுதைகளில் பாரம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். மேற்கே ஒரு பெரிய கோயிலுக்கு நடந்து போகும் யாத்ரீகர்களின் மூட்டைகளையும், முடியாதவர்களையும் ஏற்றிச் செல்வார்கள். வழி, சத்திரம், சுங்கம் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் கம்பியைப் பிடித்தபடி உறைந்து நின்றார்.

“மேடம், ஜனங்கள ஏத்தறான். லக்கேஜ் ஏத்தறான். எங்க எறங்கணும்னு சொல்றான். கோயில் கூட்டத்த கூட்டினு போறான்.” குரல் படிப்படியாக ஏறியது. “அமாவாசைக்கு மேல்மலையனூர் ஸ்பெசல் வண்டில நான் இன்னா பண்றேன்? அதத்தான பண்றேன்! யோவ் முருகேசா! அவன் கண்டக்டருய்யா!”

பஸ் நின்றுவிட்டது. எதிரே வந்த லாரியும் நின்றது.

அந்த நிமிஷம் பிறந்தவர்தான் பேரோ மார்த்தினெஸ். பேரோ என்பது அந்தக் காலத்தில் அங்கே சாதாரணப் பெயர். இரண்டாவது பாதியை நான் விளக்கினேன். அப்பா பெயரோடு ‘எஸ்’ சேர்த்தால் பிள்ளைக்குப் பெயர். மார்த்தின் மகன் மார்த்தினெஸ், லோபே மகன் லோபெஸ்.

“அப்ப முருகன் புள்ள முருகேஸ்! இன்னா மேடம், நம்ம ஊர்ல பாதிப் பேரு ஸ்பெயின்காரந்தான். கணேஸ், ரமேஸ், சுரேஸ்...”

பெயரால் வந்த தொல்லை வேறு. ஒரு நாள் டிக்கெட் பரிசோதகர் ஏறி, இவரிடம் விசாரித்தார்.

“உன் பேரு?”

“பேரோ.”

“ஆமாய்யா, பேருதான் கேக்கறேன்.”

“அதான் சார் சொல்றேன். பேரோ.”

“சொல்லித் தொலையேன்!”

பயிற்சிக் காலத்தில் தன் உண்மைப் பெயரைச் சொல்வதில்லை என்று அவர் சபதம் எடுத்திருந்தார். நானும் முருகேசனும் சேர்ந்து அந்தப் பரிசோதகரைச் சமாதானப்படுத்துவதற்குள் பாதி தூரம் வந்துவிட்டது. சிலர் மரியாதையாக “டான்” என்று கூப்பிட்டார்கள். அதற்கும் கோபம். “டான்னா அங்க பெரிய மனுசன். நான் கழுதை ஓட்டறவன். சும்மா பேரோன்னு கூப்டு.”

உண்மையான போர் நடந்தது அவர் வீட்டில்தான். மனைவி கோமதி கை மணக்கச் சமைப்பவர். இவர் பாத்திரத்தை எட்டிப் பார்த்து ஒவ்வொன்றாகத் தள்ள ஆரம்பித்தார்.

“இன்னா கொழம்பு இது? தக்காளி போட்டியா?”

“தக்காளி போடாம?”

“தக்காளி இன்னும் அங்க வரல. மொளகா வரல. உருளைக்கெழங்கு வரல. அமெரிக்காவுக்குக் கப்பலே இன்னும் போவல கோமதி!”

“கப்பல் எப்ப போவும்?”

“இருநூறு வருசம் ஆவும்.”

“அதுவரைக்கும் நீயே ஆக்கித் தின்னு” என்று கோமதி கரண்டியைக் கையில் கொடுத்துவிட்டார்.

அரிசி உண்டு, கத்தரிக்காய் உண்டு, வெங்காயம், பூண்டு, மிளகு, கொண்டைக்கடலை எல்லாம் உண்டு என்று நான் படித்துச் சொன்ன பிறகுதான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. தினமும் கொண்டைக்கடலை. வல்லத்திலிருந்து மாமனார் வழக்கம்போல ஒரு மூட்டை மல்லாட்டையோடு வந்து இறங்கினார். மாப்பிள்ளை மூட்டையைப் பார்த்ததும் இரண்டு அடி பின்வாங்கினார்.

“மன்னிச்சிக்கோங்க மாமா. இது இன்னான்னே எனக்குத் தெரியாது.”

மாமனார் மகளைத் தனியாக அழைத்துக்கொண்டு போய், “எப்பலேந்தும்மா இப்டி?” என்று கேட்டாராம்.

டீயை விட்டதுதான் உச்சம். ஸ்பெயினில் அப்போது டீயும் இல்லை, காப்பியும் இல்லை. அதுவரை அவர் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் பாதி டீயாகத்தான் இருந்திருக்கும். திண்டிவனம் ஸ்டாண்டில் டீக்கடைக்காரர் வழக்கம்போல கிளாசை நீட்டினார். இவர் கையெடுத்துக் கும்பிட்டு வெந்நீர் கேட்டார். டீக்கடைக்காரர் கடையை விட்டு இறங்கி ஓடிவந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

இதையெல்லாம் பொறுத்த கோமதிக்கு ஒரே ஒரு விஷயம் மட்டும் பொறுக்கவில்லை. பேரோ மார்த்தினெசுக்குக் குடும்பம் வேண்டுமல்லவா? இவர், ‘மனைவி கொள்ளை நோயில் இறந்துவிட்டாள்’ என்று வைத்துக்கொண்டார். ஊர் ஊராகச் சுற்றுகிற ஆளுக்கு அதுதான் பொருத்தம் என்று நினைத்திருக்கிறார். யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள்.

“எனக்கு கொள்ளை நோயா?” மறுநாள் காலை கோமதி பஸ்ஸில் ஏறி, அத்தனை பேர் முன்னாலும் கேட்டார். “பத்து நாளா காரமில்லாம ஆக்கிப் போடறேன். என்னை சாவடிச்சிட்டு நீ கழுதை மேல ஊர்வலம் போறியா?”

ஹோல்டான் தலையைக் குனிந்துகொண்டு டிக்கெட் மிஷினைத் தடவினார். இரண்டு நாள் அந்த வீட்டில் பேச்சில்லை. மூன்றாம் நாள் அவர் என்னிடம் வந்து, “மேடம், மாத்தி எழுதிக்கலாம்ல? பேரோ பொண்டாட்டி சாவல. அந்த யாத்திரை வழில இருக்கற புர்கோஸ்ல சத்திரம் நடத்துது. அந்த ரோட்லயே நல்ல சாப்பாடு அங்கதான். அதனாலதான் பேரோ எங்க போனாலும் பொழுது சாயறதுக்குள்ள திரும்பிடறான்” என்றார். சொல்லும்போது அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அது கோமதியின் காதுக்கும் போனது. அன்று சாயங்காலம், பேரோவின் இறுக்கமான காலுறைக்காக, தன் பழுப்பு லெகின்ஸைத் தானே பிரித்துத் தைத்துக் கொடுத்தார்.

தலைவி அம்மாவின் இரண்டாவது விசாரணையில் பேரோ தேறிவிட்டார். கூடுகிற நாள் வந்தது. மாந்தோப்பில் காலையிலேயே சென்னை வீரர்கள் இரும்புக் கவசத்தில் பளபளத்தார்கள். ராஜாக்கள் நான்கு பேர், ஒரு பேராயர், இரண்டு இளவரசிகள். தலைவி அம்மா ஒரு கன்னிமடத்துத் தலைவியாக, வெள்ளை முக்காட்டில் நடமாடினார். நானும் பெயர் கொடுத்திருந்தேன், மௌன விரதம் இருக்கும் யாத்ரீகராக. பேசத் தேவையில்லாத பாத்திரமாகப் பார்த்து எடுத்துக்கொண்டேன்.

ஹோல்டான் பழுப்புக் கம்பளி அங்கியில், தலையில் முக்காட்டோடு, ஒரு பெண் கழுதையை இழுத்துக்கொண்டு வந்தார். செங்கல் சூளைக்காரர் ஒருவரிடம் இரவல் வாங்கிய கழுதை. பெயர் ரோசா. அது ஸ்பெயினிலும் செல்லும் பெயர் என்பதால் மாற்றவில்லை.

மடத்துத் தலைவி கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தாலும் பார்வை அதேதான். “கோவேறு கழுதை ஓட்டி என்கிறாய். இது வெறும் கழுதை அல்லவா?”

“என் கோவேறு கழுதைய ராஜாவோட படைக்காரங்க புடிச்சினு போயிட்டாங்க தாயே. இது அதுக்கு அத்தை முறை.”

“அத்தையா?”

“கோவேறு கழுதைக்கு அம்மா குதிரை, அப்பா கழுதை. அப்ப அப்பா கூடப் பொறந்தது அத்தைதான?”

அந்த அம்மாவின் உதடு லேசாகத் துடித்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்தவரை விசாரிக்கப் போனார்.

பத்து மணிக்கே ஒரு ராஜாவின் போன் அடித்து அவர் அவுட். பதினோரு மணிக்குப் பேராயர் வேலியோரம் மிளகாய் பஜ்ஜியோடு பிடிபட்டார். நம்மவரைக் கவிழ்க்க ஊரே வந்திருந்தது. “ஹோல்டான் அண்ணே, திண்டிவனம் பஸ் எத்தினி மணிக்கு?” என்று வேலிக்கு வெளியே நின்று கேட்டார்கள். இத்தனை வருஷமாகத் தூக்கத்தில் கேட்டாலும் பதில் சொல்கிற கேள்வி அது. அவர் ரோசாவின் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

“திண்டிவனமா? எங்க ராஜ்ஜியத்துல அப்டி ஒரு ஊரு இல்லியேப்பா. புர்கோஸ் போறதுன்னா சொல்லு, ஏத்திக்கறேன்.”

மதியம் கோமதி வந்தார். கையில் டீ ஃபிளாஸ்க் இருக்கும் என்று ஊர் எதிர்பார்த்தது. அவர் தலையில் முக்காடு, இடுப்பில் ஒரு துணி ஏப்ரன், தூக்குச் சட்டி நிறைய பூண்டும் மிளகும் போட்ட கொண்டைக்கடலை சாதம். நேராக மடத்துத் தலைவியிடம் போய், “நான் இந்தாளு பொண்டாட்டி. புர்கோஸ்ல சத்திரம் வச்சிக்கிறேன். சாவல” என்றார்.

ஹோல்டானின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஆனாலும் அவர் பேரோவாகவே நின்று, பேரோவாகவே சாப்பிட்டார்.

மூன்று மணிக்கு வீரர்களின் வாள் சண்டை. செஞ்சி வெயில் பாறையில் பட்டுத் திரும்பி அடித்தது. திடீரென்று ஒரு சென்னை வீரர் கவசத்தோடு பீரோ சாய்வதுபோலச் சாய்ந்தார். என்ன ஆனது என்று பார்க்கக் கூட்டம் மொத்தமாக முன்னால் தள்ளியது. கூட்டத்தை மறித்துக் கட்டியிருந்த கயிறு அறுந்தது. முன்வரிசையில் இருந்ததெல்லாம் குழந்தைகள். கவசம் போட்டவர்களால் ஓடவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை. ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. தலைவி அம்மா ஆங்கிலத்தில் கத்தினார், பிரெஞ்சில் கத்தினார். யாருக்கும் கேட்கவில்லை.

ஹோல்டான் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறினார்.

“ஹோல்டான்ன்ன்!”

தோப்பு நின்றது. கூட்டம் நின்றது. தள்ளியவர்கள் தூக்கிய காலோடு நின்றார்கள். ரோசா நின்றது. அழுத குழந்தைகூட நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தது.

“புள்ளைங்க எல்லாம் எடது பக்கம் வா. ஆம்பளைங்க பின்னாடி போ, பின்னாடி போ, நடுவுல நிக்காத! அந்தப் பெரிய மூட்ட யாரோடது? ஓரமா வை! வழி வுடு!”

தினமும் அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டுப் பழகிய ஊர், அப்படியே இரண்டாகப் பிரிந்தது. அவர் குதித்து இறங்கி, நான்கு பேரோடு அந்த வீரரின் கவசத்தைக் கழற்றி, ரோசாவின் மேல் படுக்கவைத்து நிழலுக்குக் கொண்டுவந்தார். கோமதி எலுமிச்சையும் உப்பும் கலந்த தண்ணீரை எடுத்தார். அந்த நேரத்திலும் ஹோல்டான் என்னைத் திரும்பிப் பார்த்து, “எலுமிச்ச அந்தக் காலத்துல இருந்துச்சா?” என்று கண்ணாலேயே கேட்டார். நான் மௌன விரதத்தைக் காப்பாற்றிக்கொண்டு பலமாகத் தலையாட்டினேன். வீரர் கண் திறந்து, “இன்னும் கொஞ்சம் குடுங்க” என்றார்.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஹோல்டான் என்று கத்திவிட்டாரே. அது பஸ் சொல் அல்லவா?

சாயங்காலம் எல்லோரையும் கூட்டி நிறுத்தினார்கள். மடத்துத் தலைவி இவர் எதிரே வந்து நின்றார்.

“பேரோ மார்த்தினெஸ். நீ மதியம் ஒரு வார்த்தை சொன்னாய். அது எந்த மொழி?”

கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கழுதை மொழி தாயே. எங்க தொழில்ல நிறுத்தறதுக்கு அதான் சொல்றது.”

அந்த அம்மா ரோசாவைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். “கழுதை நின்னுச்சு. நானே பார்த்தேன்” என்றவர் அதற்கு மேல் அடக்க முடியாமல், முக்காடு சரிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மடத்துத் தலைவி அவுட். வாய் திறந்து பேசியவர்களில் பேரோ மார்த்தினெஸ் ஒருவர்தான் காலையிலிருந்து கலையாத ஆள். அந்த அம்மாவே அதை அறிவித்து, யாத்ரீகர்கள் அணிகிற ஒரு சிப்பியை ஹோல்டானின் அங்கியில் குத்திவிட்டார். மாந்தோப்பு அதிர்ந்தது. புல்லு வாங்கியாச்சா என்று கேட்ட அதே காந்தி பஜார்க்காரர்கள் அவரைத் தோளில் தூக்கினார்கள். முருகேசன் ரோட்டில் பஸ்ஸை நிறுத்தி விடாமல் ஹார்ன் அடித்தார். மாமனார், “எங்க மாப்ள! ஸ்பெயினு!” என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொன்னார்.

கீழே இறக்கிவிட்ட பிறகும் ஹோல்டான் பேரோவாகவே விறைத்து நின்றார். எப்போது கலைவது என்று அவருக்குத் தெரியவில்லை. கோமதிதான் தோளைத் தொட்டு, “போதும்யா. கப்பல் போய்ட்டு வந்துடுச்சி. வா, டீ குடி” என்றார். வரிசையாக மூன்று கிளாஸ் குடித்தார். மூன்றாவது கிளாசில் அவர் கண் கலங்கியிருந்ததற்கு டீயின் சூடுதான் காரணம் என்று சொன்னார்.

மறுநாள் காலை அதே பஸ். காக்கிச் சட்டையில் சிப்பி. ஜன்னலோர முன் சீட்டு எனக்காகக் காத்திருந்தது. அவர் மிஷினைக் கையில் எடுத்துக்கொண்டு, “எங்க போவணும் மேடம்?” என்று கேட்டார். எத்தனையோ வருஷமாக நான் திண்டிவனத்துக்குத்தான் போகிறேன், அது அவருக்கும் தெரியும். ஆனால் அன்று அவர் எந்த ஊருக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்திருந்தாலும், ஏன் எதற்கு என்று கேட்காமல் நான் போயிருப்பேன்.